செத்த கிருமிக்கும் ஐ.சி. உண்டு

அத்தியாயம் 9

"உசிரோட இருக்கா, செத்துப்போச்சா? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க டாக்டர்" என்றாள் உஷாராணி.

டாக்டர் ரெனீ நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதக் கேக்குறீங்க ஆண்ட்டி? கிருமியவா, என் செல்லுங்களையா?"

"அக்கான்னு கூப்பிட்டா பதில் வரும். ரெண்டையும் ஒரே புட்டியில போட்டு ஏழு நாளாப் பூட்டி வச்சிருக்கீங்க, மாமியார் மருமக மாதிரி. யாரு மிஞ்சியிருக்கான்னு நீங்கதானே சொல்லணும்?"

சவரியப்பன் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, ஏழு வருஷமாகத் தனியாகத் துப்பறிகிற மனிதர். உதவியாளர் உஷாராணியின் வாயைச் சம்பளத்தோடு சேர்த்து ஏற்றுக்கொண்டவர். வழக்கமாக அவள் நாலு பேச்சு பேசினால் ஒன்றுக்காவது மீசைக்குள் சிரிப்பார். பத்து நாளாக அதுவும் இல்லை.

பத்து நாளைக்கு முன்னால்தான் திலகவதி வந்தாள். நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். ஆறு வயது மகன் திவாகருக்குக் காய்ச்சல் வந்தது, கிருமி நெஞ்சில் இறங்கியது, ஆறே நாளில் பிள்ளை போய்விட்டான். தோட்டத்துப் பம்பு பழுதாகி, சனங்கள் ஆற்றில் தண்ணீர் எடுத்துக் காய்ச்சிக் குடித்த நேரம் அது. இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து தேறியது. இவன் மட்டும் தேறவில்லை. சுகாதார அதிகாரிகள் ஆற்றிலிருந்தும், பையனின் பாலர்பள்ளித் தண்ணீர்ப் போத்தலிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே வைரஸ். போத்தலில் என்ன தண்ணீர் என்று தாயைக் கேட்டு நிரப்பிய படிவத்தில் மலாயில் 'ஆயேர் சுங்காய்' என்று எழுதியிருந்தது. ஆற்றுத் தண்ணீர்.

அவ்வளவுதான். பச்சைத் தண்ணியைக் கொடுத்துப் பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்று தோட்டமே பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் தேவன், ஒன்றரை வயது மகள் ஷாமினியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 'ஒன்ன நம்பி இன்னொரு புள்ளைய விடமுடியாது' என்று சொல்லி அவளைப் புக்கிட் காத்திலில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

சவரியப்பன் முன்னால் வந்து உட்கார்ந்த திலகவதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம்புள்ளைய நாந்தான் கொன்னேனா? கண்டுபிடிச்சிச் சொல்லுங்கண்ணே. ஆமான்னா என் மகளக் கேக்கமாட்டேன். இல்லன்னா குடுக்கச் சொல்லுங்க."

அன்று அவள் படியிறங்கிப் போன பிறகு உஷாராணி கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஏன் என்று சவரியப்பனும் கேட்கவில்லை.

"வாங்க, பாருங்க" என்றாள் ரெனீ. சவரியப்பனுடைய மனைவி வழியில் சொந்தம். பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சோதனைக்கூடத்தில்தான் சுகாதார அதிகாரிகள் கொடுத்த மாதிரிகள் வந்து சேர்ந்திருந்தன. "இது ஆத்துத் தண்ணி ஊத்துன புட்டி. கொரங்கு சிறுநீரகத்துலேருந்து வளத்த செல்லுங்க. எப்படி இருக்கு?"

உஷாராணி குனிந்து பார்த்தாள். சுருண்டு, உதிர்ந்து, ஓட்டை ஓட்டையாக ஏதோ கிடந்தது. "பாவம், அனுமாரு படையே அழிஞ்சிபோச்சி."

"உயிருள்ள வைரஸ் உள்ள பூந்தா அப்படித்தான் அழியும். புள்ளையோட மலத்துல எடுத்த மாதிரியும் இதே மாதிரி அழிச்சிடுச்சி. அதே வைரஸ்தான். இப்ப இது போத்தல் தண்ணி."

மூன்றாவது புட்டியில் செல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பாய் விரித்ததுபோல் நிறைவாகப் படர்ந்திருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

"அப்ப போத்தல்ல வைரஸே இல்லியா? இருக்குன்னுதானே நீங்களே ரிப்போர்ட் குடுத்தீங்க?"

"அது வேற சோதனைக்கா. பி.சி.ஆர். கிருமியோட மரபணுவுல ஒரு துண்டு கெடச்சாப் போதும், அதப் பல லட்சமாப் பெருக்கிக் காட்டிடும். ஒரே நாள்ல முடிஞ்சிடும். அவசரம்னு அத மட்டுந்தான் கேட்டாங்க. ஆனா 'இது யாரு'ன்னுதான் அது சொல்லும், உசிரோட இருக்கான்னு சொல்லாது."

"அடையாளக் கார்டு, ஐ.சி.ய மட்டும் பாக்கும்" என்றார் சவரியப்பன் மெதுவாக. "செத்தவன் சட்டைப் பையிலயும் ஐ.சி. இருக்கும்."

ரெனீ தலையாட்டினாள். "அதேதான் அங்கிள். போத்தல்ல இருந்தது செத்த வைரஸ்."

உஷாராணிக்கு மனசு குதித்தது. ஆனால் ஏழு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரு பாடம், நல்ல சேதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது. "வெயில்ல கொண்டு வந்ததுல செத்திருந்தா?"

"ஆத்துத் தண்ணியும் அதே பெட்டியிலதான் வந்துச்சி. அது சாகலியே."

"அப்புறமா யாராவது காய்ச்சி ஊத்தியிருந்தா?"

"ஆஸ்பத்திரியில புள்ள படுத்திருந்தப்பவே அவன் பையிலேருந்து போத்தல எடுத்து சீல் வச்சாச்சி. அந்தம்மா கட்டில விட்டு நகரவே இல்ல" என்றார் சவரியப்பன்.

"சரி, இங்க வச்சே ஒரு மாசம் ஆவுதே. இங்க செத்திருந்தா?"

ரெனீ மூலையில் உறுமிக்கொண்டிருந்த பெரிய ஃப்ரீசரைக் காட்டினாள். "சைபருக்குக் கீழ எழுபது டிகிரி. கிருமிய உயிரோட வச்சிக்கணும்னா நாங்க செய்யிறதே அதான்கா. ஒறைய வச்சா வருசக் கணக்குல அப்படியே கெடக்கும். கொல்லணும்னா கொதிக்க வைக்கணும்."

"ஆக, காய்ச்சின தண்ணி" என்றார் சவரியப்பன். "உஷா, வண்டிச் சாவி."

வாசலுக்கு வந்ததும் அவர் நின்றார். "ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு. காய்ச்சின தண்ணிய ஆத்துத் தண்ணின்னு பெத்தவளே ஏன் சொன்னா? உயிருள்ள கிருமி அந்தப் புள்ள வயித்துக்குள்ள எப்படிப் போச்சி?"

"ஒண்ணுக்கு அவகிட்ட பதில் இருக்கும் பாஸ். இன்னொண்ணு கெடைக்காமலே போனாலும் பரவால்ல."

அது ஏன் தன் வாயில் வந்தது என்று உஷாராணிக்கே தெரியவில்லை.

*

புக்கிட் காத்தில் வீட்டில் திலகவதி தனியாக இருந்தாள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். சவரியப்பனையும் உஷாராணியையும் பார்த்ததும் அவள் முடிவு என்ன என்று கேட்கவில்லை. கேட்கப் பயம். "ஒக்காருங்கண்ணே. தண்ணி கலக்குறேன்" என்று சொல்லி அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

சவரியப்பன் பின்னாலேயே போய் அடுப்படி வாசலில் நின்றார். "திலகா, போத்தல்ல என்ன தண்ணின்னு ஒன்னக் கேட்டது யாரு?"

"தோட்டத்து ஆபீஸ்ல எழுதுற கெராணி மணியம்தாண்ணே. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நான் பேசுனத அவருதான் மலாயில சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"இருந்ததச் சொன்னேன்." அவள் தேநீர் கலக்கிய பெரிய குவளையை எடுத்தாள். ஆவி பறந்தது. இன்னொரு குவளையில் உயரத் தூக்கி ஊற்றினாள். "ரொம்பச் சூடா இருக்கு. ஆத்தித் தர்றேன்."

உஷாராணி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். தேநீர் தரையில் சிந்தியது. "அன்னிக்கு என்ன சொன்னியோ, அதே வார்த்தைய அப்படியே சொல்லு தங்கச்சி."

திலகவதி மிரண்டு பார்த்தாள். "நல்லாக் காய்ச்சி, ஆத்துன தண்ணிதான் குடுத்தேன்னு சொன்னேன்கா. சூடா ஊத்துனா போத்தல் நெளிஞ்சிடும்ல? மொதல்ல 'காய்ச்சி'ன்னு சொன்னேனா என்னமோ, தெரியல. அழுதுகிட்டே இருந்தேன்."

ஆத்துன தண்ணி. ஆத்துத் தண்ணி.

ஒரே ஓர் எழுத்து. ஆஸ்பத்திரி நடைவழியில், அழுகைக்கு நடுவே, அந்த 'ன' கெராணியின் காதில் விழவில்லை. உஷாராணி வாழ்நாள் முழுக்க வார்த்தையை வைத்து விளையாடிப் பிழைத்தவள். இந்த விளையாட்டு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யார்மேலாவது ஓங்கிக் கத்தவேண்டும்போல் இருந்தது.

"நீ கொல்லலம்மா" என்றார் சவரியப்பன். "போத்தல்ல இருந்தது செத்த கிருமி. நீ காய்ச்சின காய்ச்சுல செத்தது. சோதனையில தெரிஞ்சி போச்சி."

திலகவதி குவளையைக் கீழே வைத்தாள். அழவில்லை. தரையில் சிந்தியதைத் துணியால் துடைத்தாள். பிறகு கேட்டாள். "அப்ப ஷாமினியக் குடுப்பாருல்ல?"

*

நியாலாஸ் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். சவரியப்பன் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். "திவாகர் ஆத்துல எறங்கிக் குளிப்பானா?"

"மாட்டாண்ணே. அட்டைன்னா பயம். ஆத்துப் பக்கமே போகமாட்டான். அவன் அப்பாதான் தூக்கிட்டுப் போயி கரையில ஒக்கார வைப்பாரு. அவருக்கு அவன்னா உசிரு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எம்மேல கோவப்பட்டதுகூட அதனாலதான்."

உஷாராணி மேலே கேட்கவேண்டாம் என்று கண்ணால் சைகை செய்தாள். சவரியப்பனும் கேட்கவில்லை.

தோட்டத்து அலுவலகத்தில் கெராணி மணியம் அந்தப் படிவத்தைப் பார்த்தார், ரெனீயின் அறிக்கையைப் பார்த்தார், வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த திலகவதியைப் பார்த்தார். டவுனில் பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். வீட்டில்கூட நுனிநாக்கு இங்கிலீஷ்தான்.

"ஆத்துன... ஆத்து... எங்க வீட்டுல 'கூல்' பண்ணின தண்ணின்னுதான் சொல்வோம்லா" என்றார்.  "நான் என்ன கெட்ட எண்ணத்துலயா எழுதினேன்?"

"இல்ல. அதனாலதான் இன்னும் உங்க மேசை மேலயே எல்லாம் உக்காந்திருக்கு" என்றாள் உஷாராணி. "மேசைய நான் கவுத்துப் போடல பாருங்க."

மணியம் திருத்தக் கடிதம் தட்டச்சு செய்தார். 'ஆயேர் சுங்காய்' என்பது தவறு, 'ஆயேர் மாசாக்' என்பதே சரி, காய்ச்சிய தண்ணீர். கீழே கையெழுத்துப் போட்டு, கேட்காமலே தோட்டத்து முத்திரையும் குத்தினார். பிறகு வண்டிவரைக்கும் நடந்து வந்து, ஜன்னல் அருகே நின்று, அவளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். திலகவதி அவரைத் திட்டவில்லை.

*

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தேவன் வீடு கடைசியிலிருந்து மூன்றாவது. டவுன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன், பிள்ளை போன நாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. தாடி மண்டிய முகம். இடுப்பில் ஷாமினி. திலகவதியைக் கண்டதும் கதவை அடைக்கப் போனான்.

"கதவ அப்புறம் அடைக்கலாம் தம்பி. மொதல்ல இதப் படி" என்று கடிதத்தை நீட்டினார் சவரியப்பன்.

அவன் படித்தான். திரும்பவும் படித்தான். சவரியப்பன் ஆறு வரியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். காய்ச்சிய தண்ணீர், செத்த கிருமி, காதில் விழாத ஓர் எழுத்து. ஷாமினி அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கத்தினாள். தேவன் குழந்தையைக் கொடுத்தான். கொடுத்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, பெண்டாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"கொலகாரின்னு சொன்னேனே திலகா. ஊரக் கூட்டி வச்சிச் சொன்னேனே. என்ன செருப்பால அடி."

"எந்திரிங்க. புள்ள பாக்குது."

உஷாராணி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். வழக்கு முடிந்தது என்று நினைத்தாள். அம்மா மடியில் பிள்ளை, பிழையைத் திருத்திய கடிதம், மன்னிப்பு. இதற்குமேல் ஒரு துப்பறியும் ஆளுக்கு என்ன வேண்டும்? வண்டியில் போகும்போது பாஸுக்கு ரொட்டி சானாய் வாங்கித் தருவதாகக்கூடத் தீர்மானித்துவிட்டாள்.

தேவனால் பேச்சை நிறுத்த முடியவில்லை. ஒரு மாதமாக யாரிடமும் பேசாதவன். முன்வாசல் அறையில் இருந்த பழைய ஃப்ரிஜ்ஜைக் காட்டினான். ஓவர்டைம் செய்து மகனுக்காகவே வாங்கியதாம். ஐஸ் வேண்டும், ஐஸ் வேண்டும் என்று அவன் உயிரை எடுத்தானாம்.

"காய்ச்சல் வர்றதுக்கு நாலு நாளு முன்னாடி, ஞாயித்துக்கெழம, இவ கோயிலுக்குப் போயிருந்தா. அப்பனும் மகனும் சேந்து செஞ்சோம் சார். செவப்பு சிரப்பு போட்டு, நீளப் பிளாஸ்டிக்குல ஊத்தி, முடிச்சிப் போட்டு, அவன்தான் பல்லால கடிச்சி இறுக்குனான். மூணு தின்னான். எனக்கு ஒன்னுகூடத் தரல. கடைசி ஒன்ன பாப்பாவுக்குன்னு எடுத்து வச்சான். அவளுக்குச் சளி, நல்லானதும் குடுக்கணும்னான்."

எழுந்து போய் மேல்கதவைத் திறந்தான். வேறு ஒன்றுமே இல்லாத ஐஸ் பெட்டியில் சிவப்பாக ஒற்றை ஐஸ். முடிச்சுக்குக் கீழே சின்னப் பல் பதிந்திருந்தது.

 ஒறைய வச்சா வருசக் கணக்குல அப்படியே கெடக்கும் என்று ரெனீ காலையில்தான் சொன்னாள். கேட்காதீங்க பாஸ் என்று உஷாராணியின் மனசு கெஞ்சியது. ஆனால் சவரியப்பன் போலீஸ்காரர்.

"எந்தத் தண்ணியில செஞ்ச தம்பி?"

"வாளியில இருந்த ஆத்துத் தண்ணிதான் சார். வெள்ளத் துணியில ரெண்டு தடவ வடிகட்டினேன்." தேவன் சாதாரணமாகச் சொன்னான். "இவ காய்ச்சி வச்சது குடிக்கிறதுக்கு வேணும்ல? ஐஸ் ஆயிட்டா கிருமியெல்லாம் வெறச்சிச் செத்துடும். காய்ச்சினா என்ன, ஒறைய வச்சா என்ன?"

 திலகவதி புருஷனைப் பார்த்தாள். பிறகு அந்தச் சிவப்பு ஐஸைப் பார்த்தாள். காய்ச்சாத தண்ணீர் என்றால் என்ன என்று இந்த ஒரு மாதத்தில் அவளைவிட அதிகமாக நினைத்தவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை. அவளுக்கு எந்தச் சோதனைக்கூடமும் தேவைப்படவில்லை. இடுப்பிலிருந்த ஷாமினி ஐஸைப் பார்த்துக் கையை நீட்டினாள். திலகவதி அந்தக் கையை எட்டிப் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்ப எங்கேருந்து வந்துச்சி சார்?" தேவன் சவரியப்பனிடம் வந்தான். "இவ குடுக்கல. நல்லது. அப்ப யாரு குடுத்தா? பாலர்பள்ளியிலயா, கடையிலயா? நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. எவன்னு மட்டும் சொல்லுங்க. எம்புள்ளைக்குப் பச்சத் தண்ணியக் குடுத்தவன நான் உசிரோட விடமாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவன் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது.  இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சவரியப்பன் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் திலகவதி பேசினாள்.

"காத்துல வந்துச்சாம்."

தேவன் திரும்பினான். "என்னது?"

"இந்தக் காய்ச்சலு காத்துலயும் வருமாம். இருமுனா, தும்முனா ஒட்டிக்குமாம். யாரும் குடுக்கலியாம். டாக்டரு சொன்னாங்களாம்." அவள் கண் மட்டும் சவரியப்பன்மேல் இருந்தது. "இல்லியாண்ணே?"

இருபத்திரண்டு வருஷமும் அதற்குமேல் ஏழு வருஷமும், கண்டுபிடித்த ஒன்றைச் சவரியப்பன் ஒளித்ததே கிடையாது. அதற்காகப் பதவி உயர்வைக்கூட இழந்தவர். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆமா தம்பி. காத்துலதான்."

தேவன் போய் ஃப்ரிஜ்ஜின் மேல்கதவை மெல்ல மூடினான். "யாரும் குடுக்கலன்னா சரி" என்றான் கடைசியில். "யாரும் குடுக்கலன்னா, விதி."

"நான் ஒரு வாரம் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வர்றேன். ஷாமினியும் எங்கூட இருக்கட்டும்" என்றாள் திலகவதி.

"இரு. எத்தன நாளு வேணாலும் இரு. வந்தாப் போதும்."

"அந்த ஐஸ எனக்குக் குடுங்க."

தேவன் ஃப்ரிஜ் கதவின்மேல் கையை வைத்தான். "அது மட்டும் இங்கயே இருக்கட்டுமே திலகா. அவன் பல்லு பட்டது அது ஒன்னுதான் இருக்கு. தெனம் தெறந்து பாத்துக்குவேன்."

"ஒங்களுக்கு அவன் துணிமணி இருக்கு, புஸ்தகம் இருக்கு. என்ன வெறுங்கையோட அனுப்புனீங்க." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "பாப்பாவுக்குன்னுதானே வச்சான்? பாப்பா எங்கூட வருது. குடுங்க."

இதுதான் இந்த அத்தியாயத்திலேயே பெரிய புத்திசாலித்தனம். துப்பறிகிற இரண்டு பேருமே பார்த்துக்கொண்டு நிற்க, பால் வெட்டுகிற ஒருத்தி, ஐஸ் விஷயத்தில் பொய்யும் சொல்லாமல் உண்மையையும் சொல்லாமல், அந்த வீட்டிலிருந்து அந்தக் கிருமியை வெளியே எடுத்தாள். உஷாராணிக்கு அவள் காலில் விழவேண்டும்போல் இருந்தது.

மறுத்துப் பேச தேவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஐஸைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்தான். பழைய பேப்பரில் சுற்றினான். போதாது என்று நினைத்து, கொடியில் கிடந்த துண்டை உருவி அதன்மேல் சுற்றினான். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் போகாமல் இறுக முடிச்சுப் போட்டான். வண்டிவரைக்கும் கூடவே வந்து, பின்சீட்டில் உட்கார்ந்த திலகவதியின் மடியில் வைத்தான்.

"வழியில எங்கயும் நிக்காதீங்க சார், கரைஞ்சிடும்" என்றான் சவரியப்பனிடம். பிறகு ஜன்னலுக்குள் குனிந்து திலகவதியின் தலையைத் தொட்டான். "போனதும் ஐஸ் பெட்டியில வச்சிடு திலகா. ஐஸ்ல இருக்குற வரைக்கும் அதுக்கு ஒன்னும் ஆவாது. எத்தன வருசமானாலும் அப்படியே இருக்கும்."